‘நான் ஒண்ணும் பண்ணல, தானா போயிடுச்சு!’ – வீட்டுப் பெரியவர்களின் போனில் மாற்ற வேண்டிய டச் செட்டிங்ஸ் என்னென்ன?

"வாட்ஸ்அப்பைக் காணோம்ப்பா. நான் ஒண்ணும் பண்ணல, தானா போயிடுச்சு."

ஊரில் இருக்கும் அம்மா இப்படிச் சொல்ல, வெளியூரில் வேலை பார்க்கும் மகன் "எதையாவது அமுக்கியிருப்பீங்கம்மா" என்று சலித்துக்கொள்வது இன்று பல வீடுகளில் நடக்கும் உரையாடல்.

இதில் இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். அம்மா ஆப்பைத் திறக்கத்தான் தொட்டார். ஆனால், விரல் கொஞ்ச நேரம் கூடுதலாகத் திரையில் இருந்துவிட்டது. போன் அதை ‘லாங் பிரஸ்’ என்று எடுத்துக்கொண்டது. அடுத்து விரல் லேசாக நகர்ந்ததில் ஐகான் இழுபட்டு, வேறு பக்கத்துக்கோ ‘ரிமூவ்’ என்ற இடத்துக்கோ போய்விட்டது. பெரும்பாலும் ஆப் அழிந்திருக்காது. முகப்புத் திரையிலிருந்து ஐகான் மட்டும்தான் போயிருக்கும்.

கேட்பதற்குச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால், இப்படி நாலைந்து முறை நடந்தால் பெரியவர்கள் போனைத் தொடவே பயப்படுகிறார்கள். பென்ஷன் வந்ததா என்று பார்க்க, கேஸ் புக் பண்ண, கரன்ட் பில் கட்ட எல்லாவற்றுக்கும் இன்னொருவர் கையில் போனைக் கொடுக்கிறார்கள். யுபிஐ பின்னையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இதற்குப் புது போன் வாங்க வேண்டியதில்லை. எந்தத் தொடுதலை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று போனுக்குச் சொல்லிக்கொடுக்க, போனுக்குள்ளேயே செட்டிங்ஸ் இருக்கின்றன. அவை என்னென்ன, எப்படி மாற்றுவது? விரிவாகப் பார்க்கலாம்.

விரலை போன் எப்படிப் புரிஞ்சுக்குது?

இப்போதைய ஸ்மார்ட்போன்களில் இருப்பது ‘கெப்பாசிட்டிவ்’ வகைத் திரை. கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்கம்பி வலை மாதிரி ஒரு அடுக்கு இருக்கும். நம் உடல் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. விரல் கண்ணாடிக்கு அருகே வரும்போது அந்த இடத்தில் மின்புலம் லேசாக மாறும். அந்த மாற்றம் எந்த இடத்தில் ஏற்பட்டது என்பதைத்தான் போன் கணக்கிடுகிறது. எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பது இங்கே முக்கியமில்லை.

அதனால்தான் நகத்தால் தொட்டால் வேலை செய்வதில்லை. வறண்டு போன தோல், வேலை செய்து காய்ப்பு ஏறிய விரல், தடிமனான ஸ்கிரீன் கார்டு என்றால் அந்த மின்மாற்றம் குறைந்துவிடும். திரையில் தண்ணீர்த் துளி இருந்தால், யாரும் தொடாமலேயே தொட்ட மாதிரி போன் ஏமாறவும் செய்யும்.

வயல் வேலை, கட்டட வேலை, பாத்திரம் தேய்க்கும் வேலை என்று காலம் முழுக்க உழைத்த கைகளுக்கு போன் சரியாகக் கேட்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். "தொட்டா கேக்க மாட்டேங்குது" என்று அவர்கள் இன்னும் பலமாக, இன்னும் அதிக நேரம் அழுத்துவார்கள். அதுதான் அடுத்த சிக்கலுக்கு வழி வகுக்கிறது.

0.4 நொடியில் நடக்கும் குழப்பம்

விரல் பட்டது என்று தெரிந்ததும், அது என்ன மாதிரியான தொடுதல் என்பதை போன் முடிவு செய்ய வேண்டும். அதற்கு அது பார்ப்பது முக்கியமாக இரண்டு விஷயங்கள்: எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம்.

ஆண்ட்ராய்டின் அடிப்படை மென்பொருளில் இதற்கு எண்கள் இருக்கின்றன.

* விரல் நகராமல் 400 மில்லி செகண்டுக்கு மேல் இருந்தால் அது லாங் பிரஸ். அதாவது அரை நொடிக்கும் குறைவு. பழைய பதிப்புகளில் இது 500 ஆக இருந்தது.

* அடுத்தடுத்து இரண்டு முறை தொடும்போது, இடைவெளி 300 மில்லி செகண்டுக்குள் இருந்தால் அது டபுள் டேப். அதற்கு மேல் போனால் இரண்டு தனித்தனித் தொடுதல்கள்.

* விரல் தொட்ட இடத்திலிருந்து ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிட்டால், அது தொடுதலே இல்லை. ஸ்வைப் அல்லது ஸ்க்ரோல் என்றுதான் போன் எடுத்துக்கொள்ளும்.

ஐபோனில் ஆப் உருவாக்குபவர்களுக்கு ஆப்பிள் தரும் லாங் பிரஸ் அளவு, மாற்றாமல் விட்டால், அரை நொடி. போன் கம்பெனியும் ஆப்பும் இந்த எண்களைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால், எல்லாமே கண் இமைக்கும் நேரக் கணக்குதான்.

இப்போது கை நடுக்கம் உள்ள ஒருவரை நினைத்துப் பாருங்கள். பட்டனைத் தொடும்போது விரல் 2 மில்லிமீட்டர் ஆடினால் போதும். பட்டன் வேலை செய்யாமல் பக்கம் மேலே நகரும். நிதானமாக அழுத்துபவருக்கு 0.4 நொடி தாண்டிவிடும். ஆப் திறக்காமல் ஒரு மெனு வந்து நிற்கும். ஆக, குறை விரலில் இல்லை. எல்லோருக்கும் ஒரே அளவில் தைத்த சட்டை மாதிரி, எல்லா விரலுக்கும் ஒரே அளவை வைத்திருப்பதுதான் சிக்கல். அந்த அளவைத்தான் மாற்றப் போகிறோம்.

முதலில் ஒரு குறிப்பு: போன் மாடலையும் சாஃப்ட்வேர் பதிப்பையும் பொறுத்து மெனுவின் பெயரும் இடமும் மாறும். கீழே சொல்லும் இடத்தில் இல்லையென்றால், செட்டிங்ஸைத் திறந்து, மேலே உள்ள தேடல் பெட்டியில் அந்த ஆங்கிலப் பெயரைத் தட்டச்சு செய்து பாருங்கள்.

1. தொட்டாலே மெனு வருதா? ஐகான் நகருதா?

மாற்ற வேண்டியது: ‘டச் அண்ட் ஹோல்டு டிலே’. லாங் பிரஸ் என்று எடுத்துக்கொள்வதற்கு முன்பு போன் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதே இது.

ஆண்ட்ராய்டு: செட்டிங்ஸ் → ஆக்சஸிபிலிட்டி → டைமிங் கண்ட்ரோல்ஸ் → டச் அண்ட் ஹோல்டு டிலே. ஷார்ட், மீடியம், லாங் என்று மூன்று தேர்வுகள் இருக்கும். மீடியம் என்றால் சுமார் 1 நொடி, லாங் என்றால் சுமார் 1.5 நொடி. பெரியவர்களுக்கு முதலில் மீடியம் வைத்துப் பாருங்கள்.

சாம்சங்: செட்டிங்ஸ் → ஆக்சஸிபிலிட்டி → இன்டராக்ஷன் அண்ட் டெக்ஸ்டெரிட்டி → டச் அண்ட் ஹோல்டு டிலே.

ஐபோன்: செட்டிங்ஸ் → ஆக்சஸிபிலிட்டி → டச் → ஹாப்டிக் டச். இதில் ‘ஸ்லோ’ என்பதைத் தேர்வு செய்யலாம். கீழேயே ஒரு படம் இருக்கும். அதை அழுத்தி அங்கேயே சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இதை மாற்றினால் பெரும்பாலான ஆப்களில் பலன் தெரியும். ஒரு ஆப் தனக்கென்று தனி அளவு வைத்திருந்தால், அந்த ஆப்பில் மட்டும் மாற்றம் இருக்காது.

கூடவே செய்ய வேண்டிய இன்னொன்று, முகப்புத் திரையைப் பூட்டுவது. சாம்சங் உள்ளிட்ட பல ஆண்ட்ராய்டு போன்களில், முகப்பில் காலி இடத்தை அழுத்திப் பிடித்தால் ‘ஹோம் ஸ்கிரீன் செட்டிங்ஸ்’ வரும். அதில் ‘லாக் ஹோம் ஸ்கிரீன் லேஅவுட்’ என்பதை ஆன் செய்துவிட்டால், எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஐகான் இடம் மாறாது. "வாட்ஸ்அப்பைக் காணோம்" என்ற போன் அழைப்புகள் பெருமளவு நின்றுவிடும்.

ஏற்கெனவே காணாமல் போயிருந்தால், பல ஆண்ட்ராய்டு போன்களில் முகப்பில் கீழிருந்து மேலே தள்ளினால் எல்லா ஆப்களும் வரும். அங்கிருந்து ஐகானை இழுத்து மறுபடி முகப்பில் வைத்துவிடலாம்.

2. கை நடுங்குதா? ஒரு தடவை தொட்டா ரெண்டு தடவை விழுதா?

‘5’ என்ற எண்ணைத் தொட்டால் ‘55’ என்று விழுவது, பட்டன் மேல் விரல் உரசினாலே ஏதோ திறப்பது போன்றவை நடுக்கம் உள்ளவர்களுக்கு அன்றாடத் தொல்லை. பணம் அனுப்பும் இடத்தில் 500 என்பது 5000 ஆகிவிட்டால் தொல்லை இன்னும் பெரிது.

சாம்சங்கில், மேலே சொன்ன அதே ‘இன்டராக்ஷன் அண்ட் டெக்ஸ்டெரிட்டி’ பக்கத்தில் இரண்டு வசதிகள் இருக்கின்றன.

* டேப் டியூரேஷன்: குறைந்தது இத்தனை நேரம் விரல் இருந்தால்தான் அது தொடுதல் என்று போன் ஏற்கும். தெரியாமல் உரசுவதெல்லாம் கணக்கில் வராது.

* இக்னோர் ரிப்பீட்டட் டச்சஸ்: குறிப்பிட்ட நேரத்துக்குள் மறுபடி மறுபடி தொட்டாலும், ஒரே தொடுதலாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

ஐபோனில் இதற்கு செட்டிங்ஸ் → ஆக்சஸிபிலிட்டி → டச் → டச் அக்காமடேஷன்ஸ். இதில் ‘ஹோல்டு டியூரேஷன்’, ‘இக்னோர் ரிப்பீட்’ ஆகியவை சாம்சங்கின் இரண்டு வசதிகளையும் போன்றவைதான். கூடுதலாக ‘டேப் அசிஸ்டன்ஸ்’ என்று ஒன்று உண்டு. விரல் முதலில் பட்ட இடத்தை எடுத்துக்கொள்வதா, கடைசியாக எடுத்த இடத்தை எடுத்துக்கொள்வதா என்று நாமே சொல்லலாம். நடுக்கம் உள்ள பலர் விரலை வைத்த பிறகு சரியான இடத்துக்கு நகர்த்துவார்கள். அவர்களுக்கு ‘யூஸ் ஃபைனல் டச் லொகேஷன்’ பொருத்தமாக இருக்கும்.

கவனம்: ஐபோனில் ஹோல்டு டியூரேஷனை எடுத்த எடுப்பில் அதிகமாக வைத்துவிட்டால், வழக்கம்போல் தட்டுவது எதுவுமே வேலை செய்யாது. "போன் ஹேங் ஆயிடுச்சு" என்று தோன்றும். உண்மையில், நீங்கள் இன்னும் கொஞ்சம் நேரம் அழுத்த வேண்டும் என்று போன் காத்திருக்கிறது. எனவே, மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

3. ஓரத்துல விரல் பட்டாலே பின்னாடி போயிடுதா?

2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், திரையின் இடது அல்லது வலது ஓரத்திலிருந்து உள்ளே தள்ளினால் ‘பேக்’ போகும் முறை வந்தது. இளைஞர்களுக்கு இது வசதி. ஆனால், போனை இறுக்கமாகப் பிடித்துப் பழகியவர்களுக்கு ஓரத்தில் உள்ளங்கை பட்டாலே பாதி நிரப்பிய படிவம் போய்விடும்.

தீர்வு ஒன்று: பழைய மூன்று பட்டன் முறைக்குத் திரும்புவது. செட்டிங்ஸ் → சிஸ்டம் → ஜெஸ்சர்ஸ் → சிஸ்டம் நேவிகேஷன் → 3-பட்டன் நேவிகேஷன். சாம்சங்கில் செட்டிங்ஸ் → டிஸ்ப்ளே → நேவிகேஷன் பார் → பட்டன்ஸ். திரைக்குக் கீழே மூன்று பட்டன்கள் நிரந்தரமாகத் தெரியும். எதைத் தொட்டால் என்ன நடக்கும் என்று கண்ணால் பார்க்க முடிவது பெரியவர்களுக்குப் பெரிய நிம்மதி.

தீர்வு இரண்டு: ஜெஸ்சர் முறையே வேண்டும் என்றால், அதே பக்கத்தில் ‘பேக் சென்சிட்டிவிட்டி’ அளவைக் குறைப்பது. இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் தனித்தனியாக மாற்றலாம்.

பணம் அனுப்பும்போது பாதியில் பின்னால் போய்விட்டால் பதறி மறுபடி அனுப்பாதீர்கள். முதலில் அந்த ஆப்பின் ‘ஹிஸ்டரி’ பகுதியையும் வங்கிக் கணக்கையும் பாருங்கள். போகவில்லை என்று உறுதியான பிறகே மீண்டும் முயற்சி செய்யுங்கள்.

4. எவ்வளவு தொட்டாலும் கேக்க மாட்டேங்குதா?

முதலில் செய்ய வேண்டியது செட்டிங்ஸ் மாற்றம் இல்லை. திரையையும் கையையும் துடைத்துவிட்டுப் பாருங்கள். கீறல் விழுந்து, உள்ளே காற்றுக் குமிழ் புகுந்த பழைய ஸ்கிரீன் கார்டாக இருந்தால் எடுத்துவிட்டுச் சோதியுங்கள். பாதிப் பிரச்னை அங்கேயே தீர்ந்துவிடலாம்.

அதற்குப் பிறகும் கேட்கவில்லை என்றால், சாம்சங்கில் செட்டிங்ஸ் → டிஸ்ப்ளே → டச் சென்சிட்டிவிட்டி என்பதை ஆன் செய்யலாம். கூகுள் பிக்சல் போன்களில் டிஸ்ப்ளே பகுதியில் ‘ஸ்கிரீன் புரொடெக்டர் மோட்’ போன்ற பெயரில் இது இருக்கும். குறைவான மின்மாற்றத்தையும் போன் கவனிக்கத் தொடங்கும்.

இதற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. உணர்திறன் கூடினால் சட்டைப் பையில் இருக்கும்போதும் போன் எதையாவது தொட்டதாக நினைக்கும். எனவே, சாம்சங்கில் அதே டிஸ்ப்ளே பகுதியில் இருக்கும் ‘ஆக்சிடென்டல் டச் புரொடெக்ஷன்’ ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

5. ஆப்களுக்குள்ளே என்ன மாத்தலாம்?

போனில் பொதுவாக மாற்றியது போக, தினமும் பயன்படுத்தும் சில ஆப்களிலும் தனி செட்டிங்ஸ் இருக்கின்றன.

ஜிமெயில்: மெயிலை இடதோ வலதோ தள்ளினால் அது ‘ஆர்க்கைவ்’ ஆகி, இன்பாக்ஸிலிருந்து மறைந்துவிடும். செட்டிங்ஸில் ‘ஸ்வைப் ஆக்ஷன்ஸ்’ பகுதிக்குப் போய், இரண்டு பக்கத்துக்கும் ‘நன்’ என்று வைத்துவிட்டால் தள்ளினாலும் எதுவும் ஆகாது. ஏற்கெனவே மறைந்த மெயில்கள் அழியவில்லை. ‘ஆல் மெயில்’ பகுதியில் பத்திரமாக இருக்கும். வேலைக்கான இன்டர்வியூ மெயிலைக் காணவில்லை என்று தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

வாட்ஸ்அப்: ஒரு சாட் காணாமல் போனால், பட்டியலின் மேலே ‘ஆர்க்கைவ்டு’ என்று இருக்கிறதா பாருங்கள். ஐபோனில் சாட்டைத் தள்ளினாலும், ஆண்ட்ராய்டில் அழுத்திப் பிடித்து மேலே வரும் குறியைத் தொட்டாலும் அது அங்கே போய்விடும். மெசேஜ்கள் அழிந்திருக்காது.

யூடியூப்: வீடியோவின் ஓரத்தில் இரண்டு முறை தட்டினால் 10 நொடி முன்னே பின்னே போகும். செட்டிங்ஸில் ‘டபுள் டேப் டு சீக்’ என்ற இடத்தில் இதை 5 நொடியாகக் குறைக்கலாம், 60 நொடி வரை கூட்டவும் செய்யலாம்.

ஜிபோர்டு கீபோர்டு: டெலீட் பட்டனிலிருந்து இடப்பக்கம் விரலை இழுத்தால் வார்த்தை வார்த்தையாக அழியும். டைப் செய்த மெசேஜ் முழுக்கக் காணாமல் போவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். கீபோர்டு செட்டிங்ஸில் ‘கிளைடு டைப்பிங்’ பகுதிக்குப் போய் ‘ஜெஸ்சர் டெலீட்’ என்பதை ஆஃப் செய்யுங்கள். தமிழில் டைப் செய்யும்போது ஒரு எழுத்தை அழுத்தினால் தேவையில்லாத வேறு எழுத்துகள் மேலே வந்து தொல்லை கொடுத்தால், ‘பிரிஃபரன்சஸ்’ பகுதியில் கீயின் லாங் பிரஸ் நேரத்தைக் கூட்டலாம்.

6. போன் திடீர்னு பேச ஆரம்பிச்சிருச்சா?

"தொட்டா பேசுது. ஆனா எதுவுமே திறக்க மாட்டேங்குது." பதற்றத்தோடு சர்வீஸ் கடைக்கு ஓட வைக்கும் பிரச்னை இது. போன் பழுதாகவில்லை. பார்வையற்றோருக்கான ‘டாக்பேக்’ வசதி தெரியாமல் ஆன் ஆகியிருக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் வால்யூம் கூட்டும் பட்டனையும் குறைக்கும் பட்டனையும் ஒன்றாகச் சில நொடிகள் பிடித்தால் இது ஆன் ஆகிவிடும்.

டாக்பேக் ஆன் ஆனதும் தொடுதலின் இலக்கணமே மாறிவிடும். ஒரு முறை தொட்டால் அது என்ன என்று படித்துக் காட்டும். திறக்க வேண்டும் என்றால் வேகமாக இரண்டு முறை தட்ட வேண்டும். பக்கத்தை நகர்த்த இரண்டு விரலால் தள்ள வேண்டும்.

ஆஃப் செய்ய, இரண்டு வால்யூம் பட்டன்களையும் ஒன்றாக 3 நொடி பிடித்துப் பாருங்கள். அப்படியும் போகவில்லை என்றால், மேலே சொன்ன முறையில் ஒருமுறை தொட்டு, இரண்டு முறை தட்டி, செட்டிங்ஸ் → ஆக்சஸிபிலிட்டி → டாக்பேக் சென்று ஆஃப் செய்யலாம்.

திரை முழுக்கப் பெரிதாகி, ஒரு மூலை மட்டும் தெரிந்தால் அது ‘மேக்னிஃபிகேஷன்’ வசதி. அதுவும் ஆக்சஸிபிலிட்டி பகுதியில்தான் இருக்கும். ஐபோனில் ‘ஜூம்’ என்ற பெயரில் இருக்கும். மூன்று விரலால் இரண்டு முறை தட்டினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

தவறான பட்டனைத் தொட்டுட்டா? விரலை எடுக்காதீங்க!

எந்த செட்டிங்கும் மாற்றாமல் செய்யக்கூடிய ஒரு எளிய வழியும் உண்டு. பெரும்பாலான ஆப்களில் பட்டன் வேலை செய்வது விரல் படும்போது அல்ல, விரலை எடுக்கும்போதுதான். எனவே, தவறான பட்டனில் விரல் பட்டுவிட்டால் பதறி எடுக்காமல், அப்படியே நகர்த்தி பட்டனுக்கு வெளியே கொண்டுபோய் எடுங்கள். அந்தத் தொடுதல் ரத்தாகிவிடும். வீட்டுப் பெரியவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது இதுதான்.

எச்சரிக்கை: ‘ஆக்சஸிபிலிட்டி’ அனுமதி வேறு, செட்டிங்ஸ் வேறு

இவ்வளவு நேரம் பார்த்தவை எல்லாம் போனிலும், தினமும் பயன்படுத்தும் ஆப்களிலும் ஏற்கெனவே இருக்கும் வசதிகள். இவற்றை மாற்ற வேறு எந்த ஆப்பையும் புதிதாகப் பதிவிறக்கத் தேவையில்லை.

‘டச் பிரச்னையைச் சரிசெய்கிறோம்’ என்று வரும் ஏதோ ஒரு ஆப், ‘ஆக்சஸிபிலிட்டி’ அனுமதி கேட்டால் கொடுக்கவே கூடாது. அந்த அனுமதி பெற்ற ஆப், திரையில் இருப்பதைப் படிக்க முடியும். உங்களுக்குப் பதிலாக அதுவே பட்டன்களைத் தொடவும் முடியும். வங்கிப் பணத்தைக் குறிவைக்கும் பல தீங்கு ஆப்கள் கேட்பது இந்த அனுமதியைத்தான். இதனால்தான் ஆண்ட்ராய்டு 13 முதல், பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் ஆப்கள் இந்த அனுமதியைக் கேட்டால் ‘ரெஸ்ட்ரிக்டட் செட்டிங்’ என்று போனே தடுக்கிறது. அந்தத் தடையை எப்படி நீக்குவது என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் உஷாராகிவிடுங்கள்.

அதேபோல், "நான் இங்கிருந்தே சரிபண்ணித் தரேன்" என்று அறிமுகமில்லாத ஒருவர் போனில் பேசி, திரையைப் பகிரச் சொன்னாலும் செய்யாதீர்கள். தொலைவிலிருந்து போனை இயக்கும் ஆப்கள் மூலம் நடக்கும் மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்திருக்கிறது. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

ஆப் தயாரிப்பவர்களுக்குப் பொறுப்பு இல்லையா?

இருக்கிறது. செட்டிங்ஸை மாற்றி நாம் சமாளிப்பது ஒரு பக்கம். ஆப்களை எல்லோரும் பயன்படுத்தும்படி வடிவமைப்பது இன்னொரு பக்கம்.

இணையத்தின் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, 2018-ல் வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டுதல்களில் இதைப் பற்றித் தெளிவாகச் சொல்கிறது. இரண்டு விரல் சைகையாலோ, குறிப்பிட்ட பாதையில் இழுப்பதாலோ செய்யும் வேலையை, ஒரே விரலால் தொட்டும் செய்ய வழி இருக்க வேண்டும். தவறான தொடுதலை ரத்து செய்ய வாய்ப்பு இருக்க வேண்டும். 2023-ல் வந்த அடுத்த பதிப்பு, இழுத்துச் செல்லும் வேலைகளுக்கு இழுக்காமல் செய்யும் மாற்று வழி வேண்டும் என்பதைச் சேர்த்தது.

நடைமுறைக்கு வந்தால், ‘பணம் செலுத்த வலப்பக்கம் தள்ளவும்’ என்று மட்டும் காட்டும் ஒரு திரை, நடுங்கும் கைக்குத் தடைச்சுவர். பக்கத்திலேயே ஒரு பட்டனும் இருந்தால் அது தடை இல்லை.

இந்தியாவிலும் இதற்குச் சட்டப் பின்புலம் உண்டு. தகவல் தொழில்நுட்பப் பொருட்களும் சேவைகளும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி இருப்பதற்காக ஐஎஸ் 17802 என்ற தரநிலை இருக்கிறது. 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொன்னது. கண் சிமிட்டச் சொல்லும் டிஜிட்டல் கேஒய்சி முறையால் பாதிக்கப்பட்ட ஆசிட் வீச்சில் தப்பியவர்களும், பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் தொடர்ந்த வழக்கு அது. கண் சிமிட்ட முடியாதவருக்கு வங்கிக் கணக்கு மறுக்கப்படுவதும், விரல் நடுங்குபவர் பணம் அனுப்ப முடியாமல் தவிப்பதும் ஒரே வகைச் சிக்கல்தான்.

எனவே, ஒரு ஆப்பில் குறிப்பிட்ட பட்டன் உங்கள் வீட்டுப் பெரியவருக்குத் தொடர்ந்து சிரமம் தந்தால், பிளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்திலோ ஆப்பின் ‘ஹெல்ப்’ பகுதியிலோ அதை எழுதுங்கள். ‘ஆப் சரியில்லை’ என்று பொதுவாக எழுதாமல், எந்தத் திரையில் எந்த பட்டன் என்று குறிப்பிட்டு எழுதினால் சரிசெய்வது அவர்களுக்கும் எளிது.

மாத்துறதுக்கு முன்னாடி இதைக் கவனிங்க

* ஒரு நேரத்தில் ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால், எது உதவியது, எது தொல்லை கொடுக்கிறது என்று தெரியாது.

* பழைய அளவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடலாம்.

* மாற்றிய பிறகு நீங்கள் தொட்டுப் பார்த்து ‘ஓகே’ சொல்லாதீர்கள். போனைப் பயன்படுத்தப் போகிறவர் கையில் கொடுத்து, அவர் வழக்கமாகச் செய்யும் மூன்று வேலைகளைச் செய்யச் சொல்லுங்கள். ஒரு அழைப்பு, ஒரு வாட்ஸ்அப் மெசேஜ், ஒரு பேலன்ஸ் செக் போதும்.

* இரண்டு மூன்று நாள் கழித்து, "இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டு, தேவைப்பட்டால் அளவைக் கூட்டிக் குறையுங்கள்.

* நடுக்கம் புதிதாக வந்திருந்தாலோ, நாளுக்கு நாள் அதிகமானாலோ அது செட்டிங்ஸ் விஷயம் இல்லை. மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாங் பிரஸ் நேரத்தைக் கூட்டினால் போன் ஸ்லோ ஆகுமா?
ஆகாது. அழுத்திப் பிடித்தால் வரும் மெனு மட்டும் சற்றுத் தாமதமாக வரும். சாதாரணமாகத் தொட்டுத் திறப்பதில் மாற்றம் இருக்காது.

சாஃப்ட்வேர் அப்டேட் செய்தால் இந்த மாற்றங்கள் போய்விடுமா?
பொதுவாக அப்படியே இருக்கும். ஆனால், பெரிய அப்டேட்டுக்குப் பிறகு மெனுவின் இடம் மாறலாம். போனை ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்தால் எல்லாவற்றையும் மறுபடி மாற்ற வேண்டியிருக்கும்.

ஒரே போனை வீட்டில் பலர் பயன்படுத்துகிறோம். என்ன செய்வது?
அதிகம் சிரமப்படுபவருக்கு ஏற்ற அளவை வையுங்கள். மற்றவர்கள் அரை நொடி கூடுதலாகக் காத்திருப்பதில் பெரிய நஷ்டம் இல்லை.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போதோ, வார இறுதியில் வீட்டில் இருக்கும்போதோ ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். "எதை அமுக்குனீங்க?" என்று கேட்பதற்குப் பதிலாக, "எங்கம்மா சரியா கேக்க மாட்டேங்குது, காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் லாங் பிரஸ் நேரத்தைக் கூட்டுங்கள், அப்புறம் முகப்புத் திரையைப் பூட்டுங்கள். மற்றதைத் தேவைக்கு ஏற்ப ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம். யுபிஐ பின் அவரிடம் மட்டும் இருக்கட்டும்.